கல்மரத்துக்கு இரண்டு கவிதை

எண்பதுகளின் கடைசியில் திண்டிவனத்தில் கவிதை எழுதாத கல்லூரி மாணவனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பாதிப் பேர் காதலுக்காக எழுதினார்கள். மீதிப் பேர் கவியரங்கத்துக்காக. பொங்கல் விழா, அண்ணா பிறந்த நாள், பாரதிதாசன் விழா என்று ஏதாவது ஒரு மேடை கிடைத்துக்கொண்டே இருந்தது. தலைப்பு கொடுத்து எழுதச் சொல்வார்கள். வியர்வை, விடியல், புயல், புரட்சி இவற்றில் ஒன்றாவது தலைப்பில் இருக்கும். கைதட்டல் விழும் என்று தெரிந்த வரியை இரண்டு தடவை படிக்க வேண்டும். இதை யாரும் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எப்படியோ எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ரயிலடி டீக்கடையில் கூடும் எங்கள் கூட்டத்தில் இரண்டு கட்சி உண்டு. நண்பன் ஒருவன் வானம்பாடிக் கட்சி. மு. மேத்தாவின் ‘கண்ணீர்ப் பூக்க’ளை முதல் பக்கத்திலிருந்து ஒப்பிப்பான். அப்துல் ரகுமானின் ‘பால்வீதி’யைப் பாடப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு வகுப்பில் படிப்பான். நா. காமராசன், மீரா என்று ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும். நான் ‘எழுத்து’க் கட்சி. ஆசிரியர் ஒருவரிடமிருந்து பழைய ‘எழுத்து’ இதழ்களின் கட்டு ஒன்று எனக்கு இரவலாகக் கிடைத்திருந்தது. சி. மணியையும் பிரமிளையும் புரிந்தும் புரியாமலும் படித்துவிட்டு, புரியாத பகுதியை வைத்துத்தான் அதிகம் பேசினேன். என் கட்சியில் உறுப்பினர் நான் ஒருவன் மட்டுமே. அதனால் உட்கட்சிப் பூசல் கிடையாது.

இந்தச் சண்டை எங்களுடையதல்ல, எங்களுக்கு முன்னால் நடந்து முடிந்த ஒன்று. சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். ந. பிச்சமூர்த்தி 1934இல் ‘மணிக்கொடி’யில் தொடங்கிவைத்து, இடையில் நின்றுபோயிருந்த புதுக்கவிதை அங்கேதான் மறுபடி மூச்சுவிட்டது. 1962இல் ‘புதுக்குரல்கள்’ தொகுப்பு வந்தது. நகரம், தனிமை, தன்னையே சந்தேகப்படும் மனம் இவைதான் அங்கே பேச்சு. 1971இல் கோவையிலிருந்து ‘வானம்பாடி’ வந்தது. சிற்பி, புவியரசு, ஞானி, தமிழ்நாடன் போன்றவர்கள் அதே யாப்பில்லாத வடிவத்தை எடுத்துக்கொண்டு அதில் கனவையும் கோபத்தையும் மானுட நேயத்தையும் ஊற்றினார்கள். அவர்களுக்கு ‘எழுத்து’க்காரர்கள் விரக்திக்காரர்களாகத் தெரிந்தார்கள். ‘எழுத்து’க்காரர்களுக்கோ இவர்கள் போடுவது கோஷம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இங்கிலாந்தில் கற்பனாவாதம் முதலில் வந்தது, நவீனத்துவம் பிறகு வந்தது. வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் தங்கள் பாடல் தொகுப்பை வெளியிட்டது 1798இல். எலியட்டின் ‘பாழ்நிலம்’ வந்தது 1922இல். நடுவில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி. நம் புதுக்கவிதையில் வரிசை தலைகீழாகிவிட்டது. எலியட்டைப் படித்த சி. மணி ‘நரகம்’ எழுதிய பிறகுதான் ஷெல்லியின் சாயல் கொண்ட வானம்பாடிகள் வந்தார்கள். அடக்கிப் பேசுவதற்காகக் கொண்டுவந்த வடிவத்தில் பின்னால் வந்தவர்கள் வாய்விட்டுப் பாடினார்கள். பின்னாலிருந்து முன்னால் வந்த இந்தக் குழப்பத்தில்தான் நாங்கள் இருபது வயதில் மாட்டிக்கொண்டிருந்தோம்.

ஒரு முறை எல்லாரும் வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு திருவக்கரைக்குப் போனோம். மயிலம் - புதுச்சேரிச் சாலையிலிருந்து உள்ளே திரும்ப வேண்டும். வக்கிரகாளியம்மன் கோயிலுக்குத்தான் கூட்டம் வரும். பக்கத்திலிருக்கும் கல்மரங்களைப் பார்க்க யாரும் பெரிதாக வருவதில்லை. சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்னால் வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து போட்ட மரங்கள் மணலில் புதைந்து, மரத்தின் இடத்தில் சிலிக்கா ஏறி, கல்லாகிக் கிடக்கின்றன. பட்டையின் வரிகூடத் தெரியும். சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் 1781இலேயே இதைப் பற்றி எழுதிவைத்துவிட்டார். நாங்கள் போனபோது செம்மண் மேட்டில், முள் செடிகளுக்கு நடுவே, ஆள் உயரத்துக்கும் அதற்கு மேலும் நீளமாக அவை படுத்திருந்தன. தட்டினால் மணியோசை போலக் கேட்டது.

இதற்கு ஆளுக்கொரு கவிதை எழுதுவது என்று பந்தயம். நண்பனின் கவிதையில் கல்மரம் ஒரு காதலன். யுகயுகமாகக் காத்திருந்து இதயம் கல்லாகிவிட்டவன். இறுதியில் அவன் தொழிலாளியாகவும் மாறி, ஒரு நாள் எழுவான் என்று முடிந்தது. ஆச்சரியக்குறிகள் ஏராளம். என் கவிதையில் கல்மரம், கல்மரமாகவே இருந்தது. சின்னச் சின்ன வரிகள். கல் என்றால் என்ன, மரம் என்றால் என்ன, பார்க்கிற நான் என்றால் என்ன என்று மூன்று கேள்விகள். விடை கிடையாது. விடை இல்லாததுதான் சிறப்பு என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். இரண்டும் மோசமான கவிதைகள். அவனுடையது கூச்சல், என்னுடையது முனகல். மரம் மட்டும் இரண்டிலும் இல்லை.

அன்றைக்கு அங்கே ஒரு கிழவி ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். எத்தனை ஆண்டு பழைய மரம் தெரியுமா ஆயா என்று நண்பன் பெருமையாகக் கேட்டான். அவர் சிரித்தார்.

“மரமாவது ஒண்ணாவது தம்பி. வக்கராசுரன் எலும்பு அது. பெருமாளு வெட்டிப் போட்டாரு, கெடக்குது. மழ பேஞ்சா ஆடெல்லாம் அது மேலதான் ஏறி நிக்கும். காலு சேறாவாது பாரு.”

அசுரனின் எலும்பு, அதன் மேல் சேறு படாமல் நிற்கும் ஆடு. ஒரே மூச்சில் வானத்துக்குப் போய்விட்டு அதே மூச்சில் தரைக்குத் திரும்பிவிட்டார். எங்கள் இரு கட்சிகளும் ஆளுக்குப் பாதி வைத்துக்கொண்டு அடித்துக்கொண்ட சமாச்சாரத்தை அவர் சேர்த்து வைத்திருந்தார். அப்போது இப்படியெல்லாம் தோன்றவில்லை. நல்ல ஜோக் கிடைத்தது என்று சைக்கிளை மிதித்தோம்.

‘சனங்களின் கதை’ 1988இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு வாக்கில் விழுப்புரத்தில் ஓர் உறவினர் வீட்டில் அந்தப் புத்தகத்தைப் பார்த்து, கேட்டு வாங்கி, ரயிலில் படிக்கத் தொடங்கினேன். அப்போது ஓடியது மீட்டர் கேஜ் பாசஞ்சர். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நிதானமாக நின்று திண்டிவனம் வரும். ஆலைக் கரும்பின் புளித்த வாடை ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் பேசிய பேச்சும் கையிலிருந்த புத்தகத்தின் பேச்சும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. எனக்குத் தெரிந்து அச்சில் அப்படி ஒரு கவிதை அதுவரை வந்ததில்லை.

எழுதியவர் த. பழமலய். இன்றைய அரியலூர் மாவட்டத்துக் குழுமூரில் பிறந்தவர். விழுப்புரத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். நான் அவரிடம் படித்ததில்லை. அவர் கவிதைகளில் மனிதர்கள் உறவுமுறையோடு வருகிறார்கள். இன்னாருக்கு இன்னார் என்ன வேணும், யார் எங்கே வாக்கப்பட்டார்கள், யார் எப்படிச் செத்தார்கள் என்று நடுநாட்டுப் பேச்சில் சொல்லிக்கொண்டு போகிறார். உவமை இல்லை, படிமம் இல்லை. எதுகைக்காக ஒரு சொல்லையும் வளைக்கவில்லை. அழுகை வரவேண்டிய இடத்தில், நிலத்துக் கணக்குச் சொல்வதைப் போல, குரலை உயர்த்தாமல் கடந்துவிடுகிறார். ஒரு பக்கம் தாண்டிய பிறகுதான் நமக்குத் தொண்டையை அடைக்கிறது.

நண்பனிடம் கொடுத்தேன். மறுநாளே, “இது வசனம்டா, வரியை ஒடிச்சிப் போட்டிருக்காரு, அவ்வளவுதான்” என்றான். எனக்கோ வேறு குறை. இதில் ஊர்ப்பாசம் இவ்வளவு வழியலாமா, சொந்த பந்தத்தை நினைத்து உருகுவது பழைய சரக்கல்லவா என்று பேசினேன். அவனுக்கு அது வறட்சியாக இருந்தது. எனக்கு அதே புத்தகம் ஈரமாக இருந்தது. ஆனால் புத்தகத்தை இரண்டு பேரும் திருப்பிக் கொடுக்கவில்லை. அவன் வீட்டிலும் என் வீட்டிலுமாக அது மாறி மாறிக் கிடந்தது. அந்த உறவினர் கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு கவிதை இரண்டு கட்சிக்காரர்களுக்கும் எதிரெதிர்க் காரணங்களால் பிடிக்காமல் போனால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். என்ன நடந்திருக்கிறது என்பது எனக்கு விளங்கியது பல ஆண்டுகள் கழித்து, ஆங்கிலக் கவிதை வரலாற்றைக் கொஞ்சம் படித்த பிறகு. வேர்ட்ஸ்வொர்த் தங்கள் பாடல் தொகுப்பின் 1800ஆம் ஆண்டுப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் ஒரு கோரிக்கை வைத்தார்: கிராமத்து எளிய மனிதர்கள் பேசும் மொழிதான் கவிதைக்கு ஏற்ற மொழி, அலங்காரச் சொற்கள் வேண்டாம் என்று. எலியட் 1919இல் எழுதிய கட்டுரையில் வேறொன்று சொன்னார்: கவிஞன் தன் உணர்ச்சியைக் கொட்டக் கூடாது, கவிதையிலிருந்து தன்னை விலக்கிக்கொள்ள வேண்டும் என்று. அந்தக் கட்டுரையில் ஓரிடத்தில் எலியட் வேர்ட்ஸ்வொர்த்தை மறுக்கவும் செய்தார். அமைதியாக இருக்கும்போது பழைய உணர்ச்சியை நினைவில் மீட்டுவதே கவிதையின் பிறப்பிடம் என்று அதே முன்னுரையில் இருந்த கருத்தை அவர் பெயர் சொல்லாமலே வம்புக்கு இழுத்தார். ‘சனங்களின் கதை’யில் வேர்ட்ஸ்வொர்த் கேட்ட மொழி இருக்கிறது. எலியட் கேட்ட விலகலும் இருக்கிறது. வேர்ட்ஸ்வொர்த்தாலேயே தன் முன்னுரைக்கு முழுதாக நியாயம் செய்ய முடியவில்லை; அவர் கவிதைகளில் மேய்ப்பனும் ஓரளவு படித்தவன் போலத்தான் பேசுகிறான். விமர்சகர்கள் பழமலயின் எழுத்தை இனவரைவியல் கவிதை என்று வகைப்படுத்தினார்கள். வகைப்படுத்தட்டும். எனக்கு அது கற்பனாவாதமும் நவீனத்துவமும் கைகுலுக்கிக்கொண்ட இடம். கைகுலுக்கலை யாரும் அறிவிக்கவில்லை என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த விஷயம்.

திட்டம் போட்டுக் கலந்தவர்களின் கவிதைகளையும் பார்த்திருக்கிறேன். முதல் நான்கு வரி நிலா, அடுத்த நான்கு வரி சிமெண்ட், கடைசியில் ஒரு பெருமூச்சு. தொண்ணூறுகளில் சிற்றிதழ்களுக்கு இப்படி நிறைய வந்தது. நானும் அதில் என் பங்கைச் செலுத்தினேன். பாணியோடு பாணியைச் சேர்த்தால் கலப்படம்தான் மிஞ்சும். பழமலயிடம் சேர்ந்தது பாணிகள் அல்ல. சொல்ல வேண்டிய ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் மேல் பாசம் இருந்தது. பாசத்தை வெளியே காட்டிக்கொள்வது அந்த ஊரில் வழக்கமில்லை. இந்த மூன்றும் சேர்ந்தபோது கவிதை தானாக அந்த வடிவத்துக்கு வந்துவிட்டது.

திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே புதுச்சேரி. பாரதி 1908 முதல் 1918 வரை அங்கே இருந்தார். சின்ன வயதில் ஷெல்லியின் மேல் இருந்த மோகத்தில் ஷெல்லிதாசன் என்று பெயர் வைத்துக்கொண்டவர் அவர். அதே மனிதர் 1916இல் ஜப்பானியக் கவிதையைப் பற்றிக் கட்டுரை எழுதினார். யோனே நொகுச்சி என்ற ஜப்பானியக் கவிஞர் சொன்ன சுருக்கத்தின் அருமையை நம்மவர்களுக்கு எடுத்துக்காட்டினார். விட்மனையும் படித்திருந்தார். இதெல்லாம் சேர்ந்த இடம் ‘காட்சி’ என்ற வசன கவிதை.

அதில் காற்றைப் பற்றிய பகுதியைப் படித்திருக்கிறீர்களா? பந்தலில் இரண்டு கயிறுகள் தொங்குகின்றன. ஒன்றின் பெயர் கந்தன், மற்றது வள்ளியம்மை. காற்று வீசும்போது இரண்டும் ஊசலாடி, கொஞ்சிக்கொள்கின்றன. கவிஞர் நடுவில் புகுந்து அவற்றிடம் பேச்சுக் கொடுக்கிறார். கயிறும் பதில் சொல்கிறது. ஷெல்லிக்கு மேற்குக் காற்று என்றால் அது புயல், புரட்சி, தீர்க்கதரிசனம். பாரதிக்கும் காற்று தெய்வம்தான், ஆனால் அந்தத் தெய்வம் இறங்கி வருவது பந்தல் கயிற்றில். பக்தி குறையவில்லை, கிண்டலும் குறையவில்லை. திருவக்கரைக் கிழவி பெருமாளையும் ஆட்டையும் ஒரே மூச்சில் சொன்னதற்கும் இதற்கும் ஜாடை ஒன்றுதான். பாரதிக்குப் பிறகு வந்தவர்கள் சொத்தைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். பாரதிதாசனும் வானம்பாடிகளும் முழக்கத்தை எடுத்துக்கொள்ள, பிச்சமூர்த்தி வழியில் ‘எழுத்து’க்காரர்கள் வசன வடிவத்தை எடுத்துக்கொண்டார்கள். கயிறுகளின் சிரிப்பை மட்டும் யாரும் தொடவில்லை என்று எனக்கு ஒரு வருத்தம் உண்டு.

விழுப்புரத்தைப் பற்றி எழுதும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கிராமம், சொந்தம், பாசம் என்று இந்த மண்ணில் கண்ணை மூடிக்கொண்டு பாட முடியாது. 1978இல் விழுப்புரத்தில் நடந்த வன்முறையில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். நாங்கள் கல்லூரிக்குப் போன காலத்தில் அதைப் பற்றி யாரும் வகுப்பறையில் பேசியதில்லை. டீக்கடையில் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்கள். 1987 செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு வன்னியர் சங்கம் நடத்திய ஒரு வாரச் சாலை மறியலில் இந்தப் பகுதி முழுவதும் நின்றுபோனது. அடுத்த ஆண்டு ‘சனங்களின் கதை’ வந்தபோது, சனங்கள் என்றால் யார் யார் என்ற கேள்வியும் கூடவே வந்தது. கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு சாதியின் உறவுமுறைக்குள் நின்று பாடப்படும் பாசத்துக்குத் தெருவின் எல்லை தாண்டத் தெரிகிறதா என்று பார்க்காமல் எந்தக் கற்பனாவாதத்தையும் இங்கே மெச்ச முடியாது. அந்த எல்லைக்கு அப்பாலிருந்து பதில் வந்ததும் இதே ஊரில்தான். விழி. பா. இதயவேந்தன் ‘நந்தனார் தெரு’ கதைகளோடு வந்தார். கவிதையல்ல, சிறுகதைகள். ஆனால் கிராமத்தை நினைத்து உருகும் பழக்கத்துக்கு அவை வைத்த சூடு கவிதை எழுதியவர்களுக்கும் உறைத்தது. எனக்கு நிச்சயமாக உறைத்தது. அதற்குப் பிறகு ‘எங்கள் ஊர்’ என்று எழுதும்போதெல்லாம் எங்கள் என்பதில் பேனா கொஞ்சம் நின்று போகும்.

ஆக, நவீனத்துவம் என்று நாங்கள் டீக்கடையில் பேசிய சந்தேகப் புத்தி எலியட்டிடமிருந்துதான் வர வேண்டும் என்றில்லை. விழுப்புரத்திலேயே விளைந்தது. கற்பனாவாதமும் ஷெல்லியிடம் கடன் வாங்கியதல்ல. திண்டிவனத்துக்குள்ளேயே கிடங்கல் என்றொரு பகுதி இருக்கிறது. கோட்டையின் மிச்சமாக அகழியும் மேடும் இருந்த இடம். சங்க காலத்தில் அதன் பெயர் கிடங்கில். ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் ஊர். கிடங்கில் காவிதிக் கீரங்கண்ணனார், கிடங்கில் குலபதி நக்கண்ணனார் என்று ஊர்ப் பெயரோடு புலவர்கள் இருந்திருக்கிறார்கள். நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடி. அவனிடம் போகிற வழியில் எயிற்பட்டினத்தில் சுட்ட மீன், வேலூரில் புளி போட்ட சோறு, ஆமூரில் நண்டுக் கலவையோடு வெண்சோறு என்று நிலத்துக்கு நிலம் விருந்து நடக்கும். கடல், முல்லை, மருதம் எல்லாம் பூத்துக் குலுங்கும். அந்தப் பூவுக்கெல்லாம் முன்பே பாணனின் வீட்டு அடுப்படி ஒன்று வருகிறது. சுவர் கரைந்து, கறையான் அரித்து, காளான் பூத்த அடுக்களை. கண் திறக்காத குட்டிகள் முலையைப் பிடித்து இழுக்க, பால் இல்லாத நாய் வலி பொறுக்காமல் குரைக்கிறது. அந்த வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைக்கிறாள். அக்கம்பக்கத்தார் பார்த்துவிடுவார்களே என்று கதவைச் சாத்திக்கொண்டு, குடும்பத்தோடு பகிர்ந்து தின்கிறாள்.

கதவைச் சாத்துகிறாள் என்ற அந்த ஒரு விவரத்துக்காக எத்தனை நவீன கவிதைத் தொகுப்பை வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம். பாட்டை எழுதிய நத்தத்தனார் அந்த வறுமைக்கு விளக்கம் எழுதவில்லை, கண்ணீர் விடவில்லை, அடுத்த அடியிலேயே அந்தப் பசி தீர யானையும் தேரும் பெற்று வந்ததைச் சொல்லத் தொடங்கிவிடுகிறார். எங்களுக்கு இந்தப் பாட்டு பாடத்தில் இருந்தது. உவமை எத்தனை, உரிச்சொல் எது என்று குறித்துக்கொண்டு தேர்வெழுதினோம். கிடங்கல் வழியாகத்தான் சிலர் தினமும் கல்லூரிக்கு வந்தார்கள்.

என் நண்பன் பிறகு அரசு வேலைக்குப் போய்விட்டான். கவிதை எழுதுவதில்லை, மேத்தா மட்டும் இன்னும் மனப்பாடம். நான் எப்போதாவது எழுதுகிறேன். இருவரும் சந்தித்தால் பழைய சண்டை இப்போது வருவதில்லை. சண்டை தீர்ந்ததற்குக் காரணம் யாரும் ஜெயித்ததல்ல. இரண்டு தரப்பும் தங்கள் சொத்து என்று கோர்ட்டுக்கு இழுத்த நிலம் இரண்டாயிரம் வருடமாகப் பொதுப் புறம்போக்கு என்று தெரிந்துவிட்டது.

இப்போது எழுத வரும் பிள்ளைகள் எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்று கேட்கிறார்கள். வரலாற்று வரிசைப்படி போகாதீர்கள் என்றே சொல்கிறேன். முதலில் ‘சனங்களின் கதை’. கூடவே ‘நந்தனார் தெரு’வையும் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றைப் படித்துவிட்டு மற்றதைப் படிக்காமல் விடுவது சரியல்ல. பிறகு பாரதியின் ‘காட்சி’, அதிலும் அந்தக் கயிறுகள். அதன் பிறகு ஒரு நல்ல உரையோடு சிறுபாணாற்றுப்படை. ‘எழுத்து’க்கும் ‘வானம்பாடி’க்கும் நடந்த சண்டையைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். படிக்காமலே விட்டாலும் குடி முழுகிவிடாது.